எஃப் துளை

டுலூத்தில் ஜனவரி.
ஏரி உறைந்து கப்பல்கள் வேலையற்றுக் கிடக்கிற மாதம்.
ஐலி காங்கஸ் பட்டறையில் ஒரு விதி உண்டு:
கிதார்ப் பெட்டியை வந்தவுடன் திறக்கக் கூடாது.
குளிர் மரத்தைவிட்டு இறங்க இரண்டு மணி நேரம் ஆகும்.
அவசரப்பட்டால் மேல்பூச்சு
சிலந்திவலையாக வெடித்துவிடும்.

ஆகவே காபி. பிறகு இன்னொரு காபி.
டெல்ஃபின் சொன்னாள்: "சத்தத்தைத் திருகினால்
வறுகடலை மெல்லுகிற மாதிரி கரகரக்குது."
நான் அவளுடைய டிரம்மர்.
கிதாரைப் பற்றி வாய் திறக்க எனக்கு அனுமதி இல்லை.
இங்கே எழுதிக்கொள்கிறேன்.

முழுக்கட்டை கிதார் என்றால் முதுகில் ஒரு மூடி இருக்கும்.
நாலு திருகு, வேலை முடிந்தது.
இது அப்படியில்லை.
நடுவில் மேப்பிள் கட்டை, முள்ளந்தண்டு மாதிரி.
இரண்டு பக்கமும் வெறும் காற்று.
உள்ளே போக வழி
விரல் நுழையாத இரண்டு எஃப் துளைகள்தான்.
எஃப் என்று தமிழில் எழுத
உயிரிலும் சேராத மெய்யிலும் சேராத
அந்த மூன்று புள்ளிகளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இதை வாசிக்கிறவர்களும் அப்படித்தான்.
ஜாஸ்காரர்களுக்கு இவர்கள் இரைச்சல்.
ராக் பையன்களுக்கு இவர்கள் பெரிசுகள்.
தபால்காரர் அம்புரோஸ் டில்லார்ட்
சனி இரவு மதுக்கடையிலும் ஞாயிறு காலை தேவாலயத்திலும்
ஒரே கிதாரை வாசிக்கிறார்,
நடுவில் தந்திகளை மட்டும் துடைத்துவிட்டு.

ஐலி ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நூல் கட்டினாள்.
பல் மருத்துவரின் கண்ணாடியைத் துளைக்குள் விட்டாள்.
ஃபின்னிஷ் மொழியில் ஏதோ வைதாள்.
"உள்ளே என்னமோ அடைச்சிருக்கு."
கொக்கியில் சிக்கி வந்தது
ஒரு குழந்தையின் காலுறை.
மஞ்சள். கையால் பின்னியது.

டெல்ஃபின் சிரித்தாள்.
"அது ஊளையை அடைக்க. இன்னொண்ணு அந்தத் துளையில இருக்கும்."
சத்தம் ஏற ஏற
அந்த வெற்றிடத்துக்குக் காது முளைத்துவிடுமாம்.
ஒலிபெருக்கியிலிருந்து வருகிற தன் குரலைத் தானே கேட்டு
அலறத் தொடங்குமாம்.
தொட்டிலில் பையன், பக்கத்து அறையில் ஒத்திகை,
கையில் அகப்பட்டது அதுதான்.
பையனுக்கு இப்போது பதின்மூன்றாம் எண் பூட்ஸ்.
இரும்புத்தாதுக் கப்பலில் வேலை.
போனில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டான்.

"திரும்ப அடைச்சிடவா?" என்றாள் ஐலி.
டெல்ஃபின் காலுறைகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
பதில் சொல்லவில்லை.

அன்று இரவு மூன்றாவது பாட்டில் அது ஊளையிட்டது.
காதைப் பிய்க்கிற ஊளை.
பார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
ஓர் ஆள் பியர் கோப்பையைக் கையால் மூடினான், ஏனோ.
அவள் தந்தியை அமுக்கவில்லை.
நடந்தாள்.
ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டி, தோளைக் காட்டி,
ஓரடி முன்னே, அரையடி இடப்பக்கம்,
இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவள் போல.

ஐஸ் இயந்திரத்துக்கும் அம்பெறிகிற பலகைக்கும் நடுவில்
ஓரிடத்தில் ஊளை நின்று
சுரம் ஆகிவிட்டது.
ஒரே சுரம். அவள் விரல் அசையவில்லை.
மீட்டியதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.
மரமும் காற்றும் மின்சாரமும்
ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.
நான் குச்சிகளை மடியில் வைத்தேன்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்,
தாளம் எண்ணுவது என் தொழில்,
நான் எண்ணவில்லை.

பிறகு அவள் குனிந்து
காலடியில் கறுப்பு டேப்பால் ஒரு சிலுவை ஒட்டினாள்.
அடுத்த வாரம் வந்தபோது
தரை கழுவுகிறவர் அதைச் சுரண்டி எடுத்திருந்தார்.
ஐஸ் இயந்திரத்தையும் நகர்த்திவிட்டார்கள்.

நல்லது, என்றாள்.
கோட்டைக் கழற்றி என் டிரம் மீது எறிந்தாள்.
பையிலிருந்து மஞ்சளாக ஒரு நுனி.
மறுபடி நடக்கத் தொடங்கினாள்.